மஞ்சக் கடுதாசி நீட்டிய கோல்ப் கடைகள்! பணக்கார ஆட்டத்தில் கல்லாப்பெட்டி காலியானது எப்படி?

கோல்ப் என்றதும் நம் கண்ணுக்கு முன்னால் வருவது என்ன? பச்சைப்பசேல் புல்வெளி, வெள்ளைத் தொப்பி, பேட்டரி வண்டி, பை தூக்க ஒரு ஆள். "காசு உள்ளவன் ஆடுற ஆட்டம்ப்பா அது" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுவோம்.

அப்படிப்பட்ட ஆட்டத்துக்கு மட்டையும் பந்தும் விற்கிற கடைக்காரருக்கு என்ன குறை இருக்கப் போகிறது? கல்லா நிரம்பி வழிய வேண்டாமா?

நடந்தது நேர் எதிர். அமெரிக்காவில் கோல்ப் சாமான்களை மட்டுமே விற்று வந்த பெரிய பெரிய கடைகள் ஒன்றன் பின் ஒன்றாக மஞ்சக் கடுதாசி நீட்டின. உலகிலேயே அதிகம் பேர் கோல்ப் ஆடுகிற நாட்டில், அதிலும் மிகப் பெரிய கோல்ப் கடையே 2016-ல் இழுத்து மூடப்பட்டது. ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலையை இழந்து நடுத்தெருவுக்கு வந்தார்கள்.

எங்கே சறுக்கினார்கள்? இதோ அந்தக் கதை.

வீட்டில் தொடங்கிய கடை

கதையின் நாயகன் 'கோல்ப்ஸ்மித்' என்ற கம்பெனி. 1967-ல் கார்ல் பால் என்பவரும் அவரது மனைவி பார்பராவும் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் வீட்டில் இருந்தபடியே இதை ஆரம்பித்தார்கள்.

முதலில் முழு மட்டை விற்கவில்லை. மட்டையின் தலை, தண்டு, கைப்பிடி என்று தனித்தனி உதிரி பாகங்களைத் தபாலில் அனுப்பினார்கள். வாங்குபவர் வீட்டிலேயே பொருத்திக்கொள்ள வேண்டியதுதான். கம்பெனி மட்டையை விட விலை மலிவு. சனம் விரும்பி வாங்கியது.

பிறகு கார்லின் தம்பி பிராங்க் பாலும் சேர்ந்துகொண்டார். கம்பெனி டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டின் நகருக்குக் குடிபெயர்ந்தது. தபால் வியாபாரம் கடை வியாபாரமாக வளர்ந்தது. ஊர் ஊருக்குக் கிளை திறந்தார்கள்.

2002-ல் பால் குடும்பத்தினர் கம்பெனியை ஒரு முதலீட்டு நிறுவனத்திடம் விற்றார்கள். 2006-ல் அது பங்குச்சந்தைக்கு வந்தது. 2012-ல் கனடாவில் இதே வியாபாரம் செய்து வந்த 'கோல்ப் டவுன்' என்ற கம்பெனி இதை விலைக்கு வாங்கியது. விலை சுமார் 9 கோடியே 70 லட்சம் டாலர். அன்றைய மதிப்பில் ரூ.500 கோடிக்கும் மேல்.

இரண்டு கம்பெனிகளையும் சேர்த்து நடத்தியது கனடாவின் ஒண்டாரியோ மாநகராட்சி ஊழியர்களின் ஓய்வூதியப் பணத்தை முதலீடு செய்யும் 'ஓமர்ஸ்' என்ற நிறுவனம். இரண்டு நாட்டிலும் நாமே ராஜா என்பது கணக்கு.

அந்தக் கணக்கு நாலே வருடத்தில் பொய்த்துப் போனது.

புலி வந்தது... கூட்டம் வந்தது...

இந்த வியாபாரம் ஏன் அவ்வளவு வேகமாக வளர்ந்தது என்பதைப் புரிந்துகொள்ள ஒரு ஆளைப் பற்றிச் சொல்ல வேண்டும். டைகர் வுட்ஸ்!

1997-ல் 21 வயதுப் பையனாக மாஸ்டர்ஸ் போட்டியில் 12 ஸ்டிரோக் வித்தியாசத்தில் ஜெயித்தார் அவர். அதுவரை கோல்ப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர்கள் கூட டி.வி. முன்னால் உட்கார்ந்தார்கள். சச்சின் ஆடினால் ஊரே டி.வி. முன்னால் உட்காருமே, அந்த மாதிரி.

கூட்டத்தைப் பார்த்த கம்பெனிகள் மைதானம் மைதானமாகக் கட்டித் தள்ளின. கடைக்காரர்களும் சும்மா இருப்பார்களா? பெரிய பெரிய ஷோரூம்களைத் திறந்தார்கள். உள்ளேயே அடித்துப் பார்க்க வலை, பந்து எவ்வளவு தூரம் போகும் என்று காட்ட கம்ப்யூட்டர் என்று அமர்க்களப்படுத்தினார்கள்.

2003 வாக்கில் அமெரிக்காவில் கோல்ப் ஆடியவர்கள் எண்ணிக்கை 3 கோடியைத் தாண்டியது. அதுதான் உச்சம். அதற்கப்புறம் இறங்குமுகம்தான்.

2008-ல் அமெரிக்கப் பொருளாதாரம் படுத்தது. வேலை போனவன் முதலில் எதை வெட்டுவான்? சாப்பாட்டையா வெட்டுவான்? கோல்ப் கிளப் சந்தாவைத்தான் வெட்டினான். 2009 கடைசியில் டைகர் வுட்சின் சொந்த வாழ்க்கை விவகாரம் சந்தி சிரித்தது. அப்புறம் முதுகு வலி, ஆபரேஷன் என்று அவர் மைதானத்துக்கு வருவதே குறைந்தது.

இன்னொரு சிக்கல் நேரம். 18 குழி ஆட்டம் ஆடி முடிக்க நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். போக வர நேரம் தனி. ஞாயிற்றுக்கிழமை முழுசாகப் போய்விடும். செல்போனும் கையுமாக வளர்ந்த இளசுகளுக்கு அந்தப் பொறுமை இல்லை.

2015-ல் ஆடுபவர்கள் எண்ணிக்கை சுமார் 2 கோடியே 41 லட்சமாகக் குறைந்தது. 12 வருடத்தில் 60 லட்சம் பேருக்கு மேல் மாயம்! 2006-ல் இருந்தே புதிதாகத் திறக்கும் மைதானங்களை விட மூடப்படும் மைதானங்களே அதிகம்.

ஆள் குறைந்தது. ஆனால் கடைகள் குறையவில்லை. சிக்கல் அங்கேதான் ஆரம்பம்.

ஒரு மட்டைக்கு 24 வகை!

மளிகைக் கடையில் சோப்பு தீர்ந்தால் ஆள் மறுபடி வருவார். கோல்ப் மட்டை தீருமா? இரும்பு, டைட்டானியத்தில் செய்தது. பத்து வருடம் ஆனாலும் அப்படியே இருக்கும்.

ஒருவர் ஆட்டத்தின்போது பையில் அதிகபட்சம் 14 மட்டைதான் வைத்திருக்கலாம் என்பது விதி. 14 வாங்கியாச்சு என்றால் அத்தோடு சரி. மறுபடி கடைப்பக்கம் வர பல வருடம் ஆகலாம். நடுவில் பந்து, கையுறை, பனியன் வாங்கத்தான் வருவார். அதில் கிடைக்கும் காசு கடை வாடகைக்குக் காணாது.

சரி, சரக்கையாவது குறைவாக வைக்கலாமா என்றால் அதுவும் முடியாது. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

'டிரைவர்' என்று ஒரு மட்டை உண்டு. வண்டி ஓட்டுகிற டிரைவர் இல்லை. முதல் அடியில் பந்தை வெகுதூரம் அனுப்புகிற பெரிய தலை மட்டை. இதில் வலக்கைக்காரருக்கு ஒன்று, இடக்கைக்காரருக்கு ஒன்று. மட்டையின் முகச் சாய்வில் 3 அளவு. தண்டின் விறைப்பில் பெண்களுக்கு, வயதானவர்களுக்கு, சாதாரணமாக ஆடுபவர்களுக்கு, வேகமாக வீசுபவர்களுக்கு என 4 வகை.

பெருக்கிப் பாருங்கள். 2, 3, 4... ஆக மொத்தம் 24 வகை. இது ஒரே கம்பெனியின் ஒரே மாடலுக்கு! ஐந்து கம்பெனி மாடல் வைத்தால் 120 டிரைவர். ஒன்றுக்குக் கொள்முதல் விலை 300 டாலர் என்று வைத்தாலும் 36 ஆயிரம் டாலர் சுவரில் தொங்குகிறது. இது ஒரு கடைக்கு. நூறு கடை இருந்தால்?

எல்லா வகையையும் வைத்தால் பணம் முடங்கும். வைக்காவிட்டால் "என் அளவு இல்லையா?" என்று ஆள் அடுத்த கடைக்குப் போய்விடுவார். முன்னே போனால் கடிக்கிறது, பின்னே போனால் உதைக்கிறது என்கிற கதைதான்.

அமெரிக்காவின் வடக்கு மாநிலங்களில் குளிர்காலம் வந்தால் மைதானத்தை பனி மூடிவிடும். நாலைந்து மாதம் ஆட்டமே கிடையாது. ஆனால் கட்டிட ஓனர் வாடகையை விடுவாரா? 12 மாதமும் கட்டித்தான் ஆக வேண்டும்.

வருடம் முழுக்க ஆடித் தள்ளுபடி

இந்த நிலையில் மட்டை செய்கிற கம்பெனிகள் ஒரு வேலை பார்த்தன. விற்பனையை ஏற்றுவதற்காகப் புது மாடல்களை அடுத்தடுத்து இறக்கின.

'டெய்லர்மேட்' கம்பெனியை எடுத்துக்கொள்ளுங்கள். 2012, 2013 வருடங்களில் மட்டும் ராக்கெட்பால்ஸ், ஆர்1, எஸ்.எல்.டி.ஆர். என்று டிரைவராக வந்து குவிந்தது. ஒவ்வொன்றும் 'முந்தையதை விட தூரம் போகும்' என்ற விளம்பரத்தோடுதான் வந்தது.

உண்மையில் அவ்வளவு வித்தியாசம் வந்துவிட முடியுமா? முடியாது. மட்டைத் தலை 460 கன சென்டிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது, பந்து இவ்வளவுக்கு மேல் துள்ளக் கூடாது என்று கோல்ப் சங்கங்கள் விதி வைத்திருக்கின்றன. அந்த எல்லையை கம்பெனிகள் எப்போதோ தொட்டுவிட்டன.

ஆட்டக்காரர் இதைப் புரிந்துகொண்டார். "புது மாடல் 400 டாலர். ஆறு மாசம் பொறுத்தால் இதே மட்டை பாதி விலைக்கு வரும். எதுக்கு அவசரம்?" என்று கைகட்டி நின்றார்.

அவர் நினைத்தபடியே நடந்தது. புது மாடல் வந்த அன்றே பழைய மாடலின் விலை விழுந்தது. அதைக் காசு கொடுத்து வாங்கி சுவரில் மாட்டி வைத்திருந்த கடைக்காரர் தலையில் துண்டு விழுந்தது. ஆடியில் ஒரு மாசம் தள்ளுபடி போட்டால் வியாபாரம். வருடம் முழுக்கத் தள்ளுபடி போட்டால்?

2014 மே மாதம் பெரிய விளையாட்டுச் சாமான் கடையான 'டிக்ஸ் ஸ்போர்ட்டிங் குட்ஸ்' இந்த உண்மையைப் போட்டு உடைத்தது. கோல்ப் வியாபாரம் எதிர்பார்த்ததை விட மோசம் என்று அறிவித்ததும் அதன் பங்கு விலை மளமளவென சரிந்தது.

அடுத்த இரண்டே மாதத்தில் தன் கடைகளில் வேலை பார்த்த நூற்றுக்கணக்கான தொழில்முறை கோல்ப் பயிற்சியாளர்களுக்கு டிக்ஸ் கல்தா கொடுத்தது. பல வருடம் படித்து, பரீட்சை எழுதித் தேறியவர்கள் அவர்கள். "இந்தத் தொழில்ல இனி எதிர்காலம் உண்டா?" என்ற பயம் எல்லாக் கடைகளிலும் பரவியது.

இங்கே பார்த்துவிட்டு அங்கே வாங்கு!

கடைக்காரர்களை வெறுப்பேற்றிய இன்னொரு விஷயம் இன்டர்நெட்.

ஆட்டக்காரர் ஜாலியாகக் கடைக்கு வருவார். ஏ.சி.யில் நின்று அரை மணி நேரம் மட்டை மட்டையாக அடித்துப் பார்ப்பார். எந்த மட்டை, எந்தத் தண்டு, எந்த அளவு என்று கடைப் பையன் பொறுமையாக எழுதித் தருவான். "யோசிச்சுட்டு வரேன்" என்று போவார். வீட்டுக்குப் போய் அதே மட்டையை ஆன்லைனில் ஆர்டர் போடுவார்.

கடைக்கு மிச்சம்? கரண்ட் பில்தான்!

இதில் வரி விவகாரமும் உண்டு. அமெரிக்காவில் பொருள் வாங்கினால் பல மாநிலங்களில் விற்பனை வரி கட்ட வேண்டும். ஒரு மாநிலத்தில் கடையோ கிடங்கோ இல்லாத ஆன்லைன் வியாபாரி அந்த மாநிலத்து வரியை வசூலிக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்று 1992-ல் உச்ச நீதிமன்றம் சொல்லி இருந்தது. அதனால் கடையில் வாங்கினால் வரியோடு ஒரு விலை, ஆன்லைனில் வாங்கினால் வரி இல்லாமல் ஒரு விலை. விலை உயர்ந்த மட்டையில் இது பெரிய தொகை.

2018 ஜூனில்தான் உச்ச நீதிமன்றம் அந்தப் பழைய தீர்ப்பை மாற்றியது. அதற்குள் பல கடைகள் மூடியே போய்விட்டன.

போதாக்குறைக்கு செகண்ட் ஹேண்ட் மட்டை வியாபாரமும் இன்டர்நெட்டில் சக்கைப்போடு போட்டது. மட்டைதான் தேயாதே! இரண்டு வருடப் பழைய மட்டை பாதி விலைக்குக் கிடைக்கும்போது புதுசு எதற்கு?

2016... கோல்ப் கடைகளுக்குக் கெட்ட வருடம்

முதல் அடி புளோரிடா மாநிலத்தில் 1968-ல் தொடங்கிய 'எட்வின் வாட்ஸ்' கடைகளுக்கு விழுந்தது. 2013 நவம்பரில் அந்தக் கம்பெனி திவால் மனு போட்டது. பிறகு வேறு கைக்கு மாறியது.

2016-ல் இடி மேல் இடி. மார்ச் மாதம் சுமார் 460 கடைகள் வைத்திருந்த 'ஸ்போர்ட்ஸ் அத்தாரிட்டி' திவால் மனு போட்டது. கடைசியில் அத்தனை கடைகளும் மூடப்பட்டன. அங்கே இருந்த சரக்கு அடிமாட்டு விலைக்குச் சந்தைக்கு வந்ததும் மற்ற கடைகளின் வியாபாரமும் படுத்தது.

மே மாதம் 'டெய்லர்மேட்' கோல்ப் வியாபாரத்தை விற்கப் போவதாக அடிடாஸ் அறிவித்தது. ஆகஸ்டில் நைக் கம்பெனி மட்டை, பந்து, பை தயாரிப்பதையே நிறுத்திவிட்டது. டைகர் வுட்ஸ் கையில் இருந்த மட்டைக் கம்பெனியே கடையைக் கட்டியது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! ஷூவும் பனியனும் போதும் என்று நைக் ஒதுங்கிக்கொண்டது.

செப்டம்பர் 14-ந்தேதி கோல்ப்ஸ்மித்தும் கை தூக்கியது. அப்போது அமெரிக்காவில் அதற்கு 109 கடைகள். கனடாவில் கோல்ப் டவுனுக்கு 55 கடைகள். இரண்டு நாட்டிலும் ஒரே நாளில் மனு தாக்கல்.

வியாபாரம் குறைந்தது ஒரு காரணம் என்றால் கடன் இன்னொரு காரணம். கம்பெனியை வாங்கி விற்பவர்கள் கைமாறும்போதெல்லாம் கடனைக் கம்பெனி தலையிலேயே கட்டிவிடுவது அங்கே வழக்கம். கூட்டம் குறைந்துகொண்டிருந்த நேரத்தில் கோல்ப்ஸ்மித் இன்னும் பெரிய பெரிய கடைகளைத் திறந்தது. ஒரு பக்கம் வட்டி, இன்னொரு பக்கம் வாடகை. நடுவில் நசுங்கியது கம்பெனி.

மஞ்சக் கடுதாசி என்ன செய்யும்?

அமெரிக்காவில் 'சாப்டர் 11' என்று ஒரு சட்டப் பிரிவு உண்டு. நம்ம ஊரில் மஞ்சக் கடுதாசி என்கிறோமே, அதன் அண்ணன் மாதிரி.

இந்த மனு போட்டதும் கடன்காரர்கள் கடை வாசலில் வந்து சத்தம் போட முடியாது. கோர்ட்டு ஒரு தடுப்பு போட்டுவிடும். அந்த இடைவெளியில் கம்பெனி நஷ்டக் கடைகளின் வாடகை ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம், கடனைக் குறைக்கப் பேரம் பேசலாம், ஆளைத் தேடி விற்கலாம். தப்பிப் பிழைத்த கம்பெனிகளும் உண்டு.

கோல்ப்ஸ்மித்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அக்டோபரில் ஏலம் நடந்தது. டிக்ஸ் கம்பெனியும், சரக்கைக் கழித்துக் கட்டும் நிறுவனங்களும் கூட்டுச் சேர்ந்து சுமார் 7 கோடி டாலருக்கு ஏலம் எடுத்தன. அன்றைய மதிப்பில் சுமார் ரூ.470 கோடி. இரண்டு கம்பெனி சேர்ந்த பிறகு 4 வருடத்துக்கு முன்பு கொடுத்த விலை கூடத் தேறவில்லை.

109 கடைகளில் சுமார் 30 கடைகளை மட்டும் டிக்ஸ் வைத்துக்கொண்டது. 2007-ல் இருந்து தன் கையில் உள்ள 'கோல்ப் கேலக்ஸி' பெயருக்கு அவற்றை மாற்றியது. மற்ற கடைகளில் 'கடை மூடல் விற்பனை' பேனர் தொங்கியது. கனடாவில் மட்டும் வேறு முதலீட்டாளர்கள் வாங்கியதால் பெரும்பாலான கோல்ப் டவுன் கடைகள் தப்பின.

இப்படி விற்று வருகிற காசு யாருக்குப் போகும்? அடமானம் வாங்கிக் கடன் கொடுத்தவருக்கு முதல் பந்தி. தொழிலாளரின் சம்பள பாக்கிக்கு ஒரு வரம்பு வரை முன்னுரிமை உண்டு. சரக்கு கொடுத்துவிட்டுப் பணத்துக்குக் காத்திருந்த சின்ன வியாபாரி கடைசிப் பந்தி. இலை போடுவதற்குள் சாம்பார் தீர்ந்துவிடும்.

பேனர் தொங்கும் கடையில் வேலை பார்த்தவர்களின் நிலைதான் பரிதாபம். கடைசி மட்டை விற்கும் வரை சிரித்த முகத்தோடு நிற்க வேண்டும். அது விற்றதும் தன் வேலையும் போச்சு. மட்டையைப் பார்த்ததும் ஆளுக்கு எது பொருந்தும் என்று சொல்கிற அனுபவம் அவர்களுடையது. அந்த அனுபவத்துக்கு வேறு எந்தக் கடையில் மதிப்பு?

பிழைத்தவர்கள் எப்படிப் பிழைத்தார்கள்?

எல்லோரும் மூழ்கிவிடவில்லை. 'ஹோம் டிப்போ' கடைகளை உருவாக்கியவர்களில் ஒருவரான ஆர்தர் பிளாங்க் 2010-ல் 'பி.ஜி.ஏ. டூர் சூப்பர் ஸ்டோர்' கடைகளைக் கையில் எடுத்தார். மற்றவர்கள் மூடிக்கொண்டிருந்தபோது இவர் நிதானமாகத் திறந்துகொண்டே போனார்.

அடித்துப் பார்க்க வருபவரை விரட்டவில்லை. அதையே தொழிலாக்கினார்கள். அளவெடுத்துச் சட்டை தைக்கிற டெய்லர் மாதிரி, ஆட்டக்காரரின் வீச்சை கருவியால் அளந்து அவருக்கென்றே தண்டும் தலையும் பொருத்திக் கொடுப்பது. பாடம் நடத்துவது, கைப்பிடி மாற்றுவது, பழைய மட்டையை வாங்கிக்கொண்டு புதுசு தருவது... இதெல்லாம் ஆன்லைனில் ஆர்டர் போட்டுக் கிடைக்கிற சமாச்சாரம் இல்லையே!

இன்னொரு லாபம், அளவெடுத்து ஆர்டர் வாங்கினால் 24 வகையையும் சுவரில் மாட்டி வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டியது இல்லை. ஆர்டர் வந்த பிறகு கம்பெனியில் இருந்து வரவழைக்கலாம்.

2020-ல் கொரோனா வந்தது. முதலில் கடைகள் மூடப்பட்டன. "அவ்வளவுதான், மிச்சம் இருந்ததும் போச்சு" என்று நினைத்தார்கள். ஆனால் சினிமா இல்லை, ஜிம் இல்லை, ஊர் சுற்ற வழியில்லை. திறந்த வெளியில், தள்ளித் தள்ளி நின்று ஆடக்கூடிய ஆட்டம் கோல்ப். சனம் மைதானத்துக்குப் படையெடுத்தது. மட்டை கிடைக்காமல் காத்துக் கிடந்த கூத்தும் நடந்தது.

அந்தக் கூட்டம் அப்படியே நின்றதுதான் ஆச்சரியம். 2024-ல் அமெரிக்க மைதானங்களில் ஆடியவர்கள் சுமார் 2 கோடியே 81 லட்சம் பேர். 2003-ன் உச்சத்தை இன்னும் தொடவில்லை. ஆனால் 2015-ஐ விட 40 லட்சம் அதிகம். 2017-ல் 42 கோடியே 50 லட்சம் டாலருக்குக் கைமாறிய டெய்லர்மேட், நாலு வருடம் கழித்து அதைப் போல மூன்று மடங்குக்கும் மேல் விலை போனது.

2025-ல் டிரம்ப் அரசு இறக்குமதி வரியை ஏற்றியபோது கடைக்காரர்களுக்கு மறுபடி வயிற்றைக் கலக்கியது. ஏனென்றால் மட்டைத் தலைகளில் பெரும்பகுதி வருவது சீனாவில் இருந்துதான். கூட்டம் இருக்கிற வரைக்கும் இதையெல்லாம் சமாளித்துவிடலாம்.

கூட்டம் குறைந்தால்? சுவரில் தொங்கும் மட்டைகளும், மாசம் பிறந்தால் நிற்கும் வாடகையும் அப்படியேதான் இருக்கின்றன. கோல்ப்ஸ்மித் பெயர்ப்பலகையை இறக்கியபோது அந்தக் கடைகளில் நின்றவர்களுக்கு அது நன்றாகவே தெரியும்.